விவாகரத்துக்குப் பின் நிரந்தர ஜீவனாம்சம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடும்ப நல நீதிமன்ற வராந்தாவில் காதில் விழும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். பெண் வீட்டார் ‘எவ்வளவு வரும்?’ என்பார்கள், பையன் வீட்டார் ‘எவ்வளவு கட்டணும்?’ என்பார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில்: கேஸ் கட்டில் என்னென்ன காகிதம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கீழே இருப்பவை பெரும்பாலும் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் நடக்கும் வழக்குகளுக்கானவை. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கும் தனிக் கேள்வி ஒன்று உண்டு.

கேஸ் நடக்கும்போதே மாதாமாதம் பணம் வருகிறது. அப்புறம் ‘நிரந்தர ஜீவனாம்சம்’ என்பது எது?

இப்போது வருவது இடைக்கால ஜீவனாம்சம். இந்து திருமணச் சட்டம், 1955, பிரிவு 24-இன்கீழ் வழக்கு முடியும் வரைக்கும்தான் அதற்கு ஆயுள். தீர்ப்பு வந்த அன்றே நின்றுவிடும். தீர்ப்பின்போதோ அதற்குப் பிறகோ கேட்டு வாங்குவது பிரிவு 25. அதுதான் நிரந்தர ஜீவனாம்சம்.

இவை தவிர ‘எம்.சி. போடுவது’ என்று சொல்கிறோமே, அது வேறு. ஜீவனாம்சம் கேட்டு மனு போடுவதற்கான, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவாக இருக்கிறது. விவாகரத்தாகி மறுமணம் செய்துகொள்ளாத பெண்ணும் அதில் ‘மனைவி’தான். குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழும் பணம் கேட்கலாம். எல்லா வழியிலும் மனு போடத் தடையில்லை. ஆனால் ஒரு கோர்ட்டில் வாங்குவதை இன்னொரு கோர்ட்டில் மறைக்கக் கூடாது. முதலில் உத்தரவான தொகையை இரண்டாவது கோர்ட் கணக்கில் எடுத்துக் கழித்துக்கொள்ளலாம் என்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்துவிட்டது.

விவாகரத்து நேரத்தில் எதுவும் கேட்கவில்லை. இப்போது கேட்க முடியுமா?

முடியும். தீர்ப்பாணை பிறப்பிக்கும்போதோ ‘அதற்குப் பின் எந்தச் சமயத்திலுமோ’ கேட்கலாம் என்பதே பிரிவு 25-இன் வாசகம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். விவாகரத்து மனு தள்ளுபடியாகித் திருமணம் அப்படியே நீடித்தால் 25-இன்கீழ் கேட்க வழியில்லை. 1993-இல் சாந்த் தவான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அப்படிப்பட்டவர்கள் எம்.சி. வழக்குக்கோ, 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்துக்கோதான் போக வேண்டும்.

சம்பளத்தில் 25 சதவீதம் கட்டாயம் என்கிறார்களே, சட்டமா அது?

இல்லை. வாட்ஸ்அப்பில் சட்டமாகிவிட்ட விஷயங்களில் இதுவும் ஒன்று. எந்தப் பிரிவிலும் சதவீதம் கிடையாது. 1970-இல் ஒரு வழக்கில், கணவரின் நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2017-இல் கல்யாண் தே சௌத்ரி வழக்கில் அதையே மறுபடி எடுத்துச் சொன்னது. எல்லோரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு இந்த இரண்டாவதுதான். அதைக் கடைசிப் பக்கம் வரை படித்தால் வேறொன்றும் தெரியும். கணவர் மறுமணம் செய்து, ஒரு குழந்தையும் இருக்கிறது என்ற காரணத்தால், உயர் நீதிமன்றம் கொடுத்த 23,000 ரூபாயை உச்ச நீதிமன்றம் 20,000 ஆகக் குறைத்தது. 25 சதவீதத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் வழக்கிலேயே தொகை குறைந்திருக்கிறது! பேச்சுவார்த்தையைத் தொடங்க 25 ஒரு புள்ளி, அவ்வளவுதான். பையன் ஒரே பிள்ளை, அப்பா அம்மா இருவரும் அவர் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள் என்றால் குறையும். வாடகை வருமானம், தோப்பு, கடை என்று சம்பளத்துக்கு வெளியே வரவு இருந்தால் கூடும்.

அப்படியானால் எதை வைத்துத்தான் தொகையை முடிவு செய்கிறார்கள்?

பிரிவு 25 நான்கு விஷயங்களைச் சொல்கிறது: கொடுக்க வேண்டியவரின் வருமானமும் சொத்தும், கேட்பவரின் வருமானமும் சொத்தும், இருவரின் நடத்தை, வழக்கின் மற்ற சூழ்நிலைகள். கடைசியாக இருக்கும் ‘மற்ற சூழ்நிலைகள்’ என்ற இரண்டு சொல்லுக்குள்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. 2024 டிசம்பர் 10 அன்று பர்வீன் குமார் ஜெயின் வழக்கில் நீதிபதிகள் விக்ரம் நாத், பிரசன்ன பி. வராலே அமர்வு அதை விரித்து எழுதியது. இரு தரப்பின் சமூக, பொருளாதார நிலை, மனைவி பிள்ளைகளின் நியாயமான தேவை, படிப்பு, வேலை, சொந்த வருமானம், புகுந்த வீட்டில் வாழ்ந்த வாழ்க்கைத் தரம், குடும்பத்துக்காக விட்ட வேலை, வேலையில்லாத மனைவியின் வழக்குச் செலவு, கணவரின் சக்தியும் அவருக்கு இருக்கும் மற்ற பொறுப்புகளும். அந்த வழக்கில் மனைவிக்கு 5 கோடி, மகனுக்கு 1 கோடி. தொகையைப் பார்த்து மலைக்க வேண்டாம், அந்தக் கணவரின் வசதி அப்படி.

இந்தப் பட்டியலில் மனுக்களில் மிகக் குறைவாக எழுதப்படுவது ‘குடும்பத்துக்காக விட்ட வேலை’. கல்யாணத்துக்கு முன் பள்ளியில் ஆசிரியையாக இருந்தார், கணவருக்கு மாற்றல் வந்ததும் ராஜினாமா செய்தார், பிறகு மாமியாருக்குப் பக்கவாதம் வந்து எட்டு வருடம் பார்த்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். மனுவில் ‘மனுதாரர் இல்லத்தரசி, வருமானம் இல்லை’ என்று ஒரே வரியில் போய்விடும். அந்த ராஜினாமாக் கடிதம், பழைய சம்பளச் சீட்டு, மாற்றல் உத்தரவின் நகல் ஆகியவற்றை ஆவணமாகக் குறியிட்டால், நீதிபதியின் கண்ணில் அது வேறு கேஸ்.

அடுத்தது, எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பது. இருபது வருடம் குடித்தனம் நடத்தி ஐம்பது வயதில் வெளியே வரும் பெண்ணும், ஆறு மாதத்தில் பிரிந்த இருபத்தெட்டு வயதுப் பொறியாளரும் ஒன்றல்ல. குறுகிய காலமே நீடித்த திருமணத்துக்கு ஆயுள் முழுக்கக் கட்டச் சொல்வது நியாயமாக இருக்காது என்று ரஜ்னேஷ் தீர்ப்பே குறிப்பிட்டிருக்கிறது.

கணவர் ‘எனக்கு வருமானமே இல்லை’ என்கிறார். எப்படி நிரூபிப்பது?

வழக்கின் பாதி உயிர் இங்கேதான். நேற்று வரை கார் வைத்திருந்தவர், நோட்டீஸ் போனதும் ‘நண்பர் கடையில் 12,000 ரூபாய்க்கு வேலை’ என்று கவுன்டர் (பதில் மனு) போடுவார். ரஜ்னேஷ் தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் காட்டியே ஆக வேண்டும். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, வருமான வரி ரிட்டர்ன், எல்.ஐ.சி., மியூச்சுவல் ஃபண்ட், வாகனம், நிலம், மாதச் செலவு என்று அந்தப் படிவம் நீளும். பொய் சொன்னால் பொய்ச் சாட்சியத்துக்கும் நீதிமன்ற அவமதிப்புக்கும் வழி உண்டு.

ஆனால் படிவம் தானாக உண்மை பேசாது. எதிர்த் தரப்பு மறைத்ததை நீங்கள்தான் காட்ட வேண்டும். பத்திரப் பதிவுத் துறையில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். கிராமத்து நிலத்துக்குச் சிட்டா இணையத்திலேயே கிடைக்கும், பட்டா எண் அல்லது புல எண் தெரிந்தால் போதும். வழக்கு வந்த பிறகு அண்ணன் பேருக்கோ அம்மா பேருக்கோ தான செட்டில்மென்ட் எழுதியிருந்தால் அந்தத் தேதியே பேசும். வேலை செய்யும் நிறுவனத்திடமிருந்து சம்பள விவரத்தை வரவழைக்கக் கோர்ட்டில் மனு போடலாம். கேட்ட ஆவணத்தை வேண்டுமென்றே தராவிட்டால் அது அவருக்கு எதிராக இருக்கும் என்று கோர்ட் அனுமானிக்கலாம்.

வேலையே போய்விட்டது என்றாலும் கணவர் முழுசாகத் தப்பிவிட முடியாது. உடல் திடமாக இருப்பவர் உழைத்தாவது மனைவி மக்களைக் காப்பாற்ற வேண்டும் என்று 2022-இல் அஞ்சு கர்க் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இதற்கு மறுபக்கமும் உண்டு. நிஜமாகவே வேலை இழந்தவர்கள், நிஜமாகவே கடனில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் காகிதத்தைக் காட்ட வேண்டும். வேலை நீக்கக் கடிதம் இல்லாமல் ‘வேலை போச்சு சார்’ என்பது எடுபடாது. இன்னொன்று, கார் கடன், பர்சனல் லோன் தவணைகளைச் சம்பளத்திலிருந்து கழித்து ‘கைக்கு வருவது இவ்வளவுதான்’ என்று காட்டினால் கோர்ட் அதை அப்படியே ஏற்றுக்கொள்வது அபூர்வம். வருமான வரி போன்ற கட்டாயப் பிடித்தம் வேறு, நாமாக வாங்கிய கடன் வேறு.

நான் வேலைக்குப் போகிறேன். எனக்குக் கிடைக்காதா?

சம்பாதிப்பதாலேயே உரிமை போய்விடாது. உங்கள் சம்பளத்தில், கல்யாணத்தின்போது இருந்த தரத்துக்கு ஓரளவு பக்கத்திலாவது வாழ முடிகிறதா என்பதைத்தான் பார்ப்பார்கள். 18,000 ரூபாய் சம்பளத்தில் வாடகையும் குழந்தையின் பள்ளிக் கட்டணமும் போக மிஞ்சுவது எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எழுதாமல் விட்டால் 18,000 என்ற எண் மட்டும்தான் தீர்ப்பில் வரும். அவருக்குச் சமமாகவே சம்பாதிக்கிறீர்கள், பிள்ளைகளும் இல்லை என்றால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது.

‘எம்.ஏ. படித்திருக்கிறாள், வேலைக்குப் போகலாமே’ என்ற வாதம் வேறு. சம்பாதிக்கத் தகுதி இருப்பதும் சம்பாதிப்பதும் ஒன்றல்ல என்று 2017-இல் ஷைலஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்காக, வேலையில் இருந்தவர் கேஸுக்காகவே வேலையை விட்டால் கோர்ட் கண்டுபிடிக்காமல் இருக்காது.

கணவருக்குப் பல கோடி சொத்து. பாதி கேட்கலாமா?

நம் ஊரில் அப்படிப்பட்ட சட்டம் இல்லை. கல்யாணத்துக்குப் பின் சேர்ந்த சொத்தில் சரிபாதி என்பது வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்து வந்த எண்ணம். இந்தியாவில் கோவா, போர்த்துகீசியர் காலத்துச் சிவில் சட்டத்தால், இதில் விதிவிலக்கு. 2024 டிசம்பர் 19 அன்று ரிங்கு பாஹேதி வழக்கில், கணவரின் செல்வத்துக்குச் சமமாக வேண்டும் என்று மனைவி கேட்டார். நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, பங்கஜ் மித்தல் அதை ஏற்கவில்லை. பிரிந்த பிறகு கணவர் ஏழையாகிவிட்டால் அப்போதும் சமமாக்கச் சொல்வார்களா என்று தீர்ப்பிலேயே கேட்டார்கள். பிரிந்த பிறகு கணவர் ஏறிய உயரத்துக்கெல்லாம் மனைவியையும் ஏற்றச் சொல்ல முடியாது என்பது சாரம். ஆனாலும் 12 கோடி கொடுத்தார்கள்.

நகை, சீர் விஷயத்தை இதோடு குழப்பக் கூடாது. பெண்ணுக்குப் போட்ட நகை ஸ்திரீதனம், அது அவருடைய சொத்து. திரும்பக் கேட்பது உரிமை, ஜீவனாம்சத்தில் அதைக் கழித்துக்கொள்ளச் சம்மதிக்காதீர்கள். குழந்தையின் செலவும் அப்படியே, தனிக் கணக்கு.

மொத்தமாக வாங்குவதா, மாதாமாதமா?

இரண்டுக்கும் பிரிவு 25-இல் இடம் உண்டு. என் யோசனை ஒருபக்கமானது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொகை நியாயமாக இருந்தால் மொத்தமாக வாங்கிவிடுங்கள். மாதத் தொகை என்றால் ஒவ்வொரு மாதமும் அந்த மனிதரோடு ஒரு கயிறு கட்டப்பட்டிருக்கும். மூன்று மாதம் வரும், நான்காவது மாதம் நிற்கும், மறுபடி வக்கீல், மறுபடி வாய்தா. மொத்தத் தொகை பொதுவாக மூலதன வரவு, வருமான வரி கிடையாது. மாதத் தொகையோ வாங்குபவரின் வருமானமாகக் கணக்கில் வரும். கொடுப்பவருக்கு இரண்டிலும் வரி விலக்கு இல்லை.

எதிர்த் தரப்பு அரசு ஊழியர் போல நிலையான சம்பளக்காரராக, கையில் மொத்தப் பணம் இல்லாதவராக இருந்தால் மாதத் தொகைதான் நடைமுறைக்கு ஒத்து வரும். அப்போது இரண்டு விஷயத்தை உத்தரவிலேயே எழுத வையுங்கள். ஒன்று, உயர்வு. இன்றைக்கு 15,000 என்பது பத்து வருடம் கழித்து என்ன ஆகும் என்பது மளிகைக் கடைக்குப் போகும் யாருக்கும் தெரியும். 2025 மே மாதம் ராக்கி சாதுகான் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாதத் தொகையை 20,000-இலிருந்து 50,000 ஆக்கி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 5 சதவீதம் கூட்ட உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பை உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள். இரண்டு, அவருடைய வீட்டின் மீதோ நிலத்தின் மீதோ பொறுப்பு (சார்ஜ், அதாவது பணம் வராவிட்டால் அந்தச் சொத்திலிருந்து வசூலிக்கும் உரிமை) ஏற்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். பிரிவு 25 இதற்கு வெளிப்படையாகவே இடம் தருகிறது. ஆனாலும் இதைக் கேட்கும் மனுக்கள் குறைவு, ஏனென்று புரியவில்லை.

விவாகரத்துக்குக் காரணம் மனைவிதான் என்று தீர்ப்பு. அப்போதும் கொடுக்க வேண்டுமா?

வேண்டியிருக்கலாம். கொடுமை என்ற காரணத்தில் கணவருக்கு விவாகரத்து கிடைத்தாலும் ஜீவனாம்சக் கதவு தானாகச் சாத்தப்படாது. கணவரை விட்டுப் பிரிந்து போனார் என்ற காரணத்தில் விவாகரத்தான பெண்ணுக்கும் 125-இன்கீழ் ஜீவனாம்சம் உண்டு என்று 2000-இல் ரோஹ்தாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. நடத்தை என்பது எடைபோட வேண்டிய பல விஷயங்களில் ஒன்று. தகாத உறவு நிரூபணமானால் நிலைமை மாறும். எம்.சி. வழக்கில் அது நேரடித் தடை. பிரிவு 25-இலோ, உத்தரவை மாற்றவோ ரத்து செய்யவோ அது ஒரு காரணம். கணவர் ஜீவனாம்சம் வாங்குபவராக இருந்தால் இதே விதி அவருக்கும் உண்டு. சந்தேகம், பக்கத்து வீட்டார் பேச்சு, இரண்டு வாட்ஸ்அப் படம் இவையெல்லாம் நிரூபணமாகாது.

கணவர் மனைவியிடம் கேட்க முடியுமா?

இந்து திருமணச் சட்டத்தில் முடியும். 24, 25 இரண்டுமே ‘கணவன் அல்லது மனைவி’ என்றுதான் சொல்கின்றன. விபத்தில் படுத்துவிட்டவர், வேலை செய்ய முடியாத நோயாளி போன்றவர்களுக்குக் கிடைக்கிறது. கை கால் நன்றாக இருப்பவர் மனைவியின் ஐ.டி. சம்பளத்தைக் காட்டிக் கேட்டால் கோர்ட்டில் மரியாதை கிடைக்காது.

முஸ்லிம், கிறிஸ்தவர், பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு?

சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இல் பிரிவு 37, கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்தில் அதே எண்ணுள்ள பிரிவு 37. இரண்டிலும் மனைவி மட்டுமே கேட்கலாம்.

முஸ்லிம் பெண்களுக்கான வழி நீண்ட சரித்திரம் உள்ளது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் 125-இன்கீழ் ஜீவனாம்சம் உண்டு என்று 1985-இல் ஷா பானு தீர்ப்பு, அதற்கு எதிர்ப்பு, 1986-இல் தனிச் சட்டம். அந்தச் சட்டத்தை 2001-இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஆனால் இத்தா காலத்துக்குள் (விவாகரத்துக்குப் பின் பெண் காத்திருக்கும் காலம்) கொடுக்க வேண்டியது அந்த மூன்று மாதச் செலவு மட்டுமல்ல, அவருடைய எதிர்காலத்துக்கான நியாயமான ஏற்பாடும் சேர்த்துத்தான் என்று பொருள் சொன்னது. 2024 ஜூலை 10 அன்று அப்துல் சமத் வழக்கில், விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் 125-இன்கீழ் போகலாம் என்பது உறுதியானது.

திருமணமே செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டது. அப்போது?

கேட்கலாம். கணவருக்கு முதல் மனைவி இருப்பது பிறகு தெரியவந்தது போன்ற வழக்குகளில் பல வருடம் குழப்பம் இருந்தது. 2025 பிப்ரவரியில் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, செல்லாத திருமணத்திலும் பிரிவு 25-இன்கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று முடித்துவைத்தது. கொடுப்பதா வேண்டாமா என்பது வழக்கின் உண்மைகளையும் கேட்பவரின் நடத்தையையும் பொறுத்தது. ஒரு சின்ன விளக்கம்: ஐயர் இல்லாமல், தாலி கட்டியோ மாலை மாற்றியோ நடந்த சுயமரியாதைத் திருமணம் செல்லாத திருமணம் அல்ல. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென்று சேர்க்கப்பட்ட பிரிவு 7-ஏ அதை முழுமையாக ஏற்கிறது.

உத்தரவைப் பிறகு மாற்ற முடியுமா?

மாதத் தொகையை மாற்றலாம். வேலை போனது, பெரிய நோய் வந்தது, எதிர்த் தரப்பின் சம்பளம் இரட்டிப்பானது போன்ற மாற்றங்களைக் காட்டி யாரும் மனு போடலாம். வாங்குபவர் மறுமணம் செய்தால் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். நீங்களாகவே நிறுத்தாதீர்கள், கோர்ட் உத்தரவு வாங்கி நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதி, தொகையையும் வாங்கிக்கொண்டால் மறுபடி திறப்பது மிகவும் கடினம். அதனால் கூட்டு மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு இரவு வைத்திருந்து படியுங்கள். முதல் மனு அன்று பாதி, இரண்டாவது முறை ஆஜராகும் அன்று டி.டி.யாக மீதி என்று எழுதுவது பழகிய முறை. ‘தீர்ப்புக்குப் பிறகு தருவார்’ என்ற வாய் வார்த்தைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் அப்புறம் நிறைவேற்று மனுவோடு (உத்தரவை அமல்படுத்தக் கேட்கும் மனு) அலைகிறார்கள்.

உத்தரவு கையில் இருக்கிறது, பணம் வரவில்லை. என்ன செய்வது?

பிரிவு 25 உத்தரவை நிறைவேற்று மனு போட்டு வசூலிக்க வேண்டும். சம்பளத்தை ஜப்தி செய்யலாம். சாதாரணக் கடன் வழக்கைவிட இதில் பிடி இறுக்கம்: சிவில் நடைமுறைச் சட்டம், பிரிவு 60-இன்படி ஜீவனாம்சத் தீர்ப்பாணைக்கு மூன்றில் ஒரு பங்கு சம்பளம் மட்டுமே கடனாளிக்குப் பாதுகாப்பு. எம்.சி. உத்தரவு என்றால் வாரன்ட், ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை. ‘உள்ளே இருந்துவிட்டேன், கணக்குத் தீர்ந்தது’ என்பது நடக்காது. சிறை வசூலிக்கும் முறையே தவிர கடனைத் தீர்க்கும் முறையல்ல என்று 1989-இல் குல்தீப் கௌர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் வாரன்ட் மனு போட வேண்டும், இதைத் தவறவிடுபவர்கள் அதிகம். மூன்று வருடப் பாக்கியைச் சேர்த்துக்கொண்டு வந்தால் இந்த வழியில் கடைசி ஒரு வருடம்தான் தேறும்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை.

பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். போனில் கேட்க 15100. போகும்போது ஆதார், கல்யாணப் பத்திரிகை அல்லது பதிவுச் சான்று, வழக்கு எண், கணவரின் வேலை விலாசம் இவற்றைக் கொண்டு போங்கள், ஒரு நடை மிச்சம்.